நூற்றுக்குப் பதினொன்று

அந்தச் சனிக்கிழமை மதியம் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் காபி வந்தது. வழக்கமாக எங்களுக்குக் கிடைப்பது கண்ணாடி பீக்கரில் கொதிக்கவைத்த டீதான். அன்று பேராசிரியரே ஆளனுப்பி, எதிர் ஹோட்டலிலிருந்து பித்தளைத் தூக்கில் காபியும் ஒரு பொட்டலம் மைசூர்பாகும் வரவழைத்திருந்தார். பொட்டலத்தின் வாழைச் சருகில் நெய் ஊறிப் பளபளத்தது.

காரணம் ஓர் எண். கரும்பலகையின் மூலையில் குப்புராஜ் அதை எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். பதினொன்று.

"நூற்றுக்குப் பதினொன்று! வேதவல்லி, நீ என்ன எதிர்பார்த்தாய்?" என்று பேராசிரியர் என்னிடம் கேட்டார்.

"ஐந்து சார்."

"பார்த்தாயா? இரண்டு மடங்குக்கு மேல்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மைசூர்பாகு வாயில் கரைந்துகொண்டிருந்தது. ஒரு கேள்வி மட்டும் கரையவில்லை. இரண்டு மடங்கு எப்படி வரும்?

நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி, "புரதத்தைப் படம் பிடித்தோம், படம் பிடித்தோம் என்கிறீர்களே, போட்டோ பிடிக்கிற மாதிரியா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இந்த வாரக் கதைக்கு அந்தப் பதில் வேண்டியிருப்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உப்பு படிகமாவதைப் போலப் புரதத்தையும் பக்குவமாகப் படிகமாக்கலாம். அந்தப் படிகத்தின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், பின்னாலிருக்கும் பிலிமில் நூற்றுக்கணக்கான கரும்புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுப்பு என்று அளந்து, அந்த அளவுகளிலிருந்து, உள்ளே எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடவேண்டும்.

ஆனால் கறுப்பு மட்டும் போதாது. அலை வந்து சேரும்போது ஏறுமுகத்தில் இருந்ததா, இறங்குமுகத்தில் இருந்ததா என்பதும் தெரியவேண்டும். அதற்குக் கட்டம் என்று பெயர். பிலிமில் அது பதியாது. பாதித் தகவல் வழியிலேயே தொலைந்துவிடுகிறது.

தொலைந்ததை மீட்க ஒரு வழி உண்டு. புரதத்துக்குள் பாதரசம் போன்ற கனமான அணு ஒன்றைச் சேர்த்துவிட்டால், அது எக்ஸ் கதிரைக் கொஞ்சம் தாமதித்துத் திருப்பி அனுப்பும். அதனால், சமமாக இருக்கவேண்டிய ஒரு புள்ளியும் அதற்கு நேர் எதிர்ப்புள்ளியும் கொஞ்சம் வேறுபடும். அந்த வேறுபாட்டைப் பிடித்தால் கட்டத்தைப் பிடிக்கலாம்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வதுதான் என் வேலை. எங்கள் புரதத்தில் எத்தனை அணு, அதில் பாதரசம் எத்தனை, பாதரசத்தின் குணம் என்ன என்று போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு ஐந்து வந்தது. அதற்குமேல் வர வழியில்லை. பிலிமில் அளந்தபோது வந்ததோ பதினொன்று.

திருவள்ளூர் பாசஞ்சர்

எங்கள் வீடு திருவள்ளூரில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. அப்பா மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். அவர் வேட்டியில் எப்போதும் புளியோதரை வாசம் இருக்கும். பெண் எம்.எஸ்ஸி. படித்தது அவருக்குப் பெருமை. அதற்குமேல் என்ன படிக்கிறாள் என்பது அவருக்குப் புரியாத சங்கதி. யாராவது கேட்டால், "புள்ளி எண்ணறா" என்பார். அது சரிதான்.

தினமும் காலை பாசஞ்சரில் சென்னைக்குப் போவேன். கரி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் புடவையில் கரித்தூள் படியும். பிலிம் கொண்டுபோகிற நாட்களில் உறையை முந்தானைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன். ஒருமுறை எதிரே இருந்த பூக்காரி, "கைக்கொயந்தையாமா?" என்று கேட்டாள்.

புள்ளிகளை அளக்க அப்போது எங்களிடம் எந்திரம் கிடையாது, கண்தான். ஒரு பிலிம் துண்டில் வெளிறியதிலிருந்து கன்னங்கறுப்புவரை வரிசையாகப் புள்ளிகளைப் பதித்து வைத்திருப்போம். அதை அளக்கவேண்டிய புள்ளியின் பக்கத்தில் நகர்த்தி நகர்த்தி, "இது பதினேழு, இது பதினெட்டு" என்று சொல்லவேண்டும். விளக்குப் பெட்டியின் சூடு முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரம் பார்த்தால் கண்ணை மூடினாலும் புள்ளி தெரியும்.

"கண்ணு போய்டும்டி. பொண்ணு பாக்க வரவா முன்னாடி சோடாபுட்டி கண்ணாடியோட நிக்கப் போறியா?" என்று அம்மா புலம்புவாள்.

குப்புராஜ்

குப்புராஜ் என்னைவிட நான்கு வருடம் மூத்த ஆராய்ச்சி மாணவர். புதுவாயலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பம். அம்மா இல்லை, அப்பா மட்டும். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்.

அந்தப் படிகங்களை வளர்த்தவர் அவர்தான். ஒரு காட்டு அவரை விதையிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து, சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் விட்டு, ஒன்றரை வருடம் காத்திருந்தார். சென்னை வெயிலில் அது லேசான காரியமில்லை. மின்சாரம் நின்றால் ஐஸ் கட்டி வாங்க சைக்கிளில் பறப்பார். குழாய்களின் பக்கத்தில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் அவருக்கு முகம் கறுத்துவிடும். கடைசியில் அரிசிக் குறுணையைவிடச் சிறியதாக ஏழெட்டுப் படிகங்கள் கிடைத்தன.

அந்த வருடம் எங்கள் துறையிலிருந்து ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்ப வாய்ப்பு வந்திருந்தது. இரண்டு வருடம், பெரிய ஆய்வுக்கூடம், அங்கே புள்ளி அளக்க எந்திரமே இருக்கிறது. திங்கட்கிழமை கருத்தரங்கில் குப்புராஜ் தன் முடிவைச் சொல்வார். கேட்க வருகிற வெளியூர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் தலையசைத்துவிட்டால், அவர் கப்பலோ விமானமோ ஏறலாம்.

இன்னொரு பக்கம், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்துகொண்டிருந்த சமயம் அது. குப்புராஜின் அப்பாவுடைய நிலத்தில் ஒரு பகுதியை அதற்கு எடுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். புதிதாக எழும்பிய ஒரு கம்பி ஆலையிலிருந்து அவருக்கு ஆர்டரும் வந்துவிட்டது. கம்பியின் தரம் பார்க்கும் வேலை. பத்து நாளில் பதில் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை காபி குடிக்கும்போது அவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "திங்கக்கெழம பேசி முடிச்சிட்டு, ஆலைக்கு வரலன்னு எழுதிப் போட்டுடப் போறேன். நைனாக்கு எப்படி சொல்றதுன்னுதான் பேஜாரா கீது."

ஞாயிற்றுக்கிழமை காலை

சனிக்கிழமை மாலை ரயிலில் வீடு திரும்பும்போதே நோட்டைப் பிரித்தேன். முதலில் என் கணக்கின்மேல்தான் சந்தேகம். ஐந்து என்று போட்டது தப்போ? மூன்று முறை போட்டேன். ஐந்துதான்.

மறுநாள் காலை, அப்பா மடப்பள்ளிக்குப் போனபிறகு, கூடத்தில் நோட்டை விரித்து உட்கார்ந்தேன். அப்போதுதான் சம இணைகள் நினைவுக்கு வந்தன.

இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எங்கள் படிகத்தின் ஒழுங்கு எப்படிப்பட்டது என்றால், புள்ளிகளில் சில இணைகள் மட்டும் எப்போதும் சமமாகத்தான் இருந்தாகவேண்டும். பாதரசம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அவற்றில் வேறுபாடு வரவே கூடாது. வந்தால் அது நம் அளவையின் பிழை. நாங்கள் எல்லா இணைகளையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்திருந்தோம். அவற்றைத் தனியே பிரித்துப் பார்க்கவில்லை.

நான் பிரித்தேன். இருபத்திரண்டு சம இணைகள். அவற்றின் வேறுபாட்டைக் கூட்டிச் சராசரி எடுத்தேன்.

பத்து.

சுழியமாக இருக்கவேண்டிய இடத்தில் பத்து. அப்படியானால் கரும்பலகையில் வட்டம் போட்ட பதினொன்றில் பெரும்பகுதி பாதரசம் தந்தது அல்ல. எங்கள் பிழை.

அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டது காதில் விழவில்லை. அவளே வந்து நின்றாள்.

"ஏண்டி, பேயறைஞ்சாப்பல உக்காந்திருக்கே?"

சொன்னேன். அவளுக்குப் படிகம் புரியவில்லை, மற்றது புரிந்தது.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. நாளைக்குப் பேசப் போறார்."

"பேசறச்சே யாராவது கண்டுபிடிச்சுடுவாளா?"

"கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்காமலும் போகலாம்."

அம்மா கொடியிலிருந்து மாற்றுப் புடவையை உருவினாள். "கெளம்பு, அவன் ஊருக்கே போய்ச் சொல்லிடு. தனியா அனுப்ப மாட்டேன். நானும் வரேன். அப்பாக்குப் பெரியபாளையம் போனோம்னு சொல்லிக்கலாம்."

"நாமளா? பெரியபாளையமா?"

"ஏன், அங்க இருக்கற அம்மன் கையில சங்கு சக்கரம் இருக்கு. பெருமாளுக்குத் தங்கைதான். போனா ஒண்ணும் கொறஞ்சு போயிடாது."

ஆடி ஞாயிறு

ஆடி மாதம் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். பஸ் முழுக்க வேப்பிலை. கூரையில் கோழிக் கூண்டுகள். மஞ்சள் புடவைக் கூட்டத்தில் அம்மா ஒரு கம்பியைப் பிடித்தபடி, ஒரு கால் வைக்கிற இடத்தில் இரண்டு காலையும் வைத்து நின்றாள். பெரியபாளையத்தில் எல்லாரும் இறங்கியதும் பஸ்ஸே மூச்சு விட்டதுபோல் இருந்தது. அம்மா கோபுரத்தைப் பார்த்து, நின்ற இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லப்போவது பொய்யில்லை என்றாகிவிட்டது.

அங்கிருந்து இன்னொரு பஸ். புதுவாயலில் இறங்கி, லாரிகள் புழுதி கிளப்பும் நெடுஞ்சாலையைக் கடந்து, ரைஸ் மில் பக்கத்தில் விசாரித்தோம். "படிச்சவரு ஊடா? வாய்க்கா ஓரமாவே போங்கோ" என்றார்கள். அரை மணி நடை.

குப்புராஜின் அப்பா நாற்றங்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு. எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை நட்டுவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"நைனா! யாரோ வந்துகீறாங்க பாரு!" என்று வீட்டைப் பார்த்து மகனுக்குக் குரல் கொடுத்தார். பிறகு அம்மாவிடம், "வாங்கம்மா, நெயல்ல குந்துங்க. எளநி வெட்டியாறேன். நீங்க வேற எதுவும் சாப்புட மாட்டீங்கன்னு தெரியும்" என்றார்.

குப்புராஜ் லுங்கியோடு வெளியே வந்தவர், என்னைக் கண்டதும் உள்ளே ஓடி வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "இன்னாம்மா, இவ்ளோ தொலவு வந்துக்கினு? சார்க்கு எதுனா ஆயிடுச்சா?"

"சாருக்கு ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட தனியா பேசணும்."

களத்தில்

வீட்டுக்குப் பின்னால் நெல் காயப்போடும் களம். பூவரச மரத்தடியில் நின்றபடியே நோட்டைப் பிரித்துக் காட்டினேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"சம இணைகளைத் தனியாப் பிரிச்சேன். பத்து வருது."

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"யார்கிட்டனா சொன்னீங்களா?"

"எங்கம்மாகிட்ட மட்டும்."

"சார்கிட்ட?"

"இல்ல. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு வந்தேன்."

களத்தில் சிதறிக் கிடந்த நெல்லை ஒரு குருவி கொத்திக்கொண்டிருந்தது. தூரத்தில் அவர் அப்பா இளநீர் சீவும் சத்தம் கேட்டது. சட்டென்று குப்புராஜின் குரல் உயர்ந்தது.

"ஒன்ற வருசம்மா! ஒன்ற வருசம் அந்தக் குழாய்ங்கள பாத்துக்கினு இருந்தேன். நாளைக்கு ஒரு நாளு. ஒரே நாளு. அப்பறம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழ உரிமையுள்ளவர் அவர், நான் இல்லை என்று தோன்றியது.

கடைசியில், "நானே பாக்கறேன்" என்று உள்ளே போனார். திங்கட்கிழமைப் பேச்சுக்காகப் பிலிம்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அளவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். விளக்குப் பெட்டி இல்லை. ஆடி மாதத்து வெள்ளை வானத்துக்கு நேரே பிலிமைத் தூக்கிப் பிடித்தார்.

"எது எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியக் கூடாது. நீங்க மறைச்சிக்கோங்க. நான் சொல்றத எழுதுங்க."

நான் எண்களைக் கைக்குட்டையால் மறைத்து, ஒவ்வொரு புள்ளியாகக் காட்டினேன். அவர் சொன்னார். "இருபத்தி மூணு. இருபத்தி ஒண்ணு. பன்னெண்டு." எழுதினேன். கை நோகும்போது மாற்றிப் பிடித்தார். அவர் அப்பா இளநீரைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு, ஏதோ புரிந்தவர்போல் சத்தமில்லாமல் போய்விட்டார்.

இருபத்திரண்டு இணையும் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கைக்குட்டையை எடுத்தேன். தற்செயலான பிழை என்றால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் இருக்கும். இருபத்திரண்டில் பத்தொன்பது ஒரே பக்கம் வெளிறியிருந்தது.

குப்புராஜ் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். காரணத்தைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.

"குழல்ல ஒட்டவெச்சப்ப, படிகம் ஒரு ஓரமா சாய்ஞ்சிக்கினு இருந்திச்சி. ஈரம் காயாம இருக்க விட்ட தண்ணி மொத்தமும் அந்தப் பக்கம் தங்கிட்ச்சி. அந்தப் பக்கம் போற கதிரு தண்ணியில மாட்டிக்கினு கம்மியா வருது. அவ்ளோதான். பாதரசமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"பாதரசம் இருக்கலாம். இதுக்கு அடியில தெரியாம இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார். நம்பிக்கையில்லாத குரல்.

புறப்படும்போது அவர் அப்பா அம்மாவிடம் ஒரு பூசணிக்காயைக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்: "அந்தப் பிள்ளை அழுதானாடி?"

"இல்லம்மா."

"அழுதிருந்தா தேவலை."

திங்கட்கிழமை

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கருத்தரங்கு அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தலைக்குமேல் மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

குப்புராஜ் சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். படிகம் வளர்த்த கதையைச் சொன்னார். பிலிமைக் காட்டினார். பலகையில் பதினொன்று என்று எழுதினார். வெளியூர்ப் பெரியவர் ஒருவர் தலையசைத்தார்.

அதன் கீழே குப்புராஜ் பத்து என்று எழுதினார்.

"சமமாக இருக்கவேண்டிய இணைகளில் கிடைத்தது இது. ஆகவே, மேலே இருக்கும் எண்ணைப் பாதரசத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது" என்றார். படிகம் சாய்ந்திருந்ததையும் தண்ணீர் தேங்கியதையும் படம் போட்டு விளக்கினார். குரல் நடுங்கவில்லை. சாக்பீஸ் மட்டும் இரண்டு முறை உடைந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை யார் பார்த்தது?"

"மிஸ் வேதவல்லி பார்த்தார்கள் சார். நான் சரிபார்த்தேன்."

கூட்டம் கலைந்தபிறகு பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. "சனிக்கிழமையே உனக்குத் தோன்றியதா?" என்று மட்டும் கேட்டார்.

"தோன்றியது சார்."

"ஏன் சொல்லவில்லை?"

எனக்குப் பதில் தெரியும். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதை எப்படிச் சொல்வது? அவரே, "நானும் இரண்டு மடங்கு எப்படி வரும் என்று கேட்டிருக்கவேண்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அந்த வருடம் வெளிநாட்டு வாய்ப்பு வேறோர் ஊர் மாணவருக்குப் போனது. பத்தாம் நாள் குப்புராஜ் கம்பி ஆலையில் சேர்ந்தார்.

சேர்வதற்கு முந்தைய அந்த ஒன்பது நாட்களும் அவர் எங்கள் துறையின் பட்டறையில்தான் கிடந்தார். படிகம் சாயாமல் நிற்க ஒரு புதுப் பிடியைக் கடைந்தார். இணையின் இரண்டு புள்ளிகளும் ஒரே பிலிமில், ஒரே அளவு கண்ணாடியையும் தண்ணீரையும் கடந்து வந்து விழும்படி, படிகத்தை எப்படித் திருப்பி நிறுத்தவேண்டும் என்று எனக்குப் பழக்கிக் கொடுத்தார். மிச்சமிருந்த மூன்று படிகங்களையும் என் பொறுப்பில் விட்டார். விடைபெறும்போது, "கதவ மட்டும் அடிச்சி சாத்தாம பாத்துக்கோங்க" என்றார்.

ஆலை வாசல்

எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. முதல் படிகம் கதிரின் சூட்டில் ஒரே வாரத்தில் மங்கிவிட்டது. இரண்டாவது, ஒட்டும்போது என் கையிலேயே உடைந்தது. மூன்றாவது நின்றது.

அளந்து முடித்து, இந்த முறை முதலிலேயே சம இணைகளைப் பிரித்து வைத்துவிட்டு, கணக்குப் போட்டேன். பேராசிரியரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, "போய் அவனிடம் சொல்" என்றார்.

மறுநாளே கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறினேன். ஆலை வாசலில் சாப்பாட்டு இடைவேளைக்காகக் காத்திருந்தேன். புது சிமெண்டு வாசமும் துரு வாசமும் கலந்து வீசின. காக்கி உடுப்பில், கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு வந்தார் குப்புராஜ். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"இந்தவாட்டி இன்னா கொண்டாந்தீங்க?" என்றார். சிரித்தபடிதான்.

"ஆறு."

"சம இணைங்க?"

"மூணு."

தற்செயல் பிழையை நேராகக் கழிக்கக் கூடாது, வர்க்கமாக்கித்தான் கழிக்கவேண்டும்; அவர் கறைபடிந்த விரலால் காற்றிலேயே எழுதினார். "ஆறாறு முப்பத்தாறு. மூமூணு ஒம்பது. கழிச்சா இருபத்தேழு. அதுக்கு வர்க்கமூலம்..." நிறுத்தினார். "அஞ்சு. கொஞ்சம் மேல. நீங்க போட்ட கணக்கு அஞ்சுதானே?"

"அஞ்சுதான்."

"அப்போ அது கீதும்மா. உள்ள பாதரசம் கீது!"

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு நீங்க வந்து சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு டவுட்டு. பதினொண்ணு வந்தப்பவே தெரியும், ஓவரா கீதுன்னு. சம இணைங்கள பாக்கணும்னு நெனச்சேன். வேணும்னே பாக்கல. பாத்தா போயிடும்னு பயம். நீங்க பஸ் ஏறி வரலன்னா, தெரிஞ்சிக்கினே பேசிட்டுப் போயிருப்பேன். அப்பறம் எந்த ஊருக்குப் போயி இன்னா பிரயோஜனம்?"

எட்டு மாதமாக நான் சுமந்துகொண்டிருந்தது அந்த வாசலில் இறங்கியது. நானும் சொன்னேன், சனிக்கிழமையே எனக்கும் தோன்றியது, எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்களே என்று வாயை மூடிக்கொண்டேன் என்று. "அதோட மைசூர்பாகும் நன்னா இருந்தது" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். காவற்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

ஒரு தபால் அட்டை

அந்த ஒரே படிகத்தை வைத்துப் புரதத்தின் முழு உருவத்தையும் நாங்கள் எட்டவில்லை. அதற்கு வேண்டிய வசதி எங்களிடம் இல்லை. பல வருடம் கழித்து வேறு யாரோ எட்டினார்கள். ஆனால் எங்கள் கணக்கில் பிழை இல்லை. குறைந்த வசதியில் இவ்வளவு சின்ன வேறுபாட்டை எப்படி மதிப்பிடுவது, சம இணைகளைக் கொண்டு பிழையை எப்படிக் கழிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினோம். முதல் பெயர் குப்புராஜ், இரண்டாவது நான், மூன்றாவது பேராசிரியர். அந்த வரிசையைப் பேராசிரியரே தன் கையால் எழுதினார்.

கட்டுரையில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே முகவரி போடவேண்டும். குப்புராஜின் பெயருக்கு ஆலை முகவரியையே போட்டோம். கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டு மாவட்டம்.

அந்தக் காலத்தில் ஒரு கட்டுரை பிடித்துப்போனால், அதன் பிரதி வேண்டும் என்று முதல் பெயர்க்காரருக்குத் தபால் அட்டை போடுவார்கள். அச்சாகி சில மாதங்களில், கடல் கடந்த ஏதோ ஓர் ஊரிலிருந்து ஓர் அட்டை ஆலை வாசலுக்கு வந்து சேர்ந்தது. மேலே டாக்டர் குப்புராஜ் என்று போட்டிருந்தது. அவர் ஆய்வேட்டை முடிக்கவே இல்லை; அது அட்டை எழுதியவருக்கு எப்படித் தெரியும்?

"டாக்டரா? இங்க அப்படி யாரும் இல்ல. ஆஸ்பத்திரி பஜார் பக்கம் கீது, அங்க போய்க் கேளு" என்று காவற்காரர் தபால்காரரைத் திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறார்.

கம்பிச் சுருள்களுக்கு நடுவே நின்றிருந்த குப்புராஜுக்கு அது கேட்டிருக்கிறது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, அட்டையை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இது எனக்குத்தான்" என்றாராம்.